கணினிகள் உரையாடும் நெறி

தேர்வு விண்ணப்பம், கல்வி உதவித்தொகை, வங்கிக் கணக்கு, கடல் கடந்து வாழும் பிள்ளைகளோடு பேசும் பேச்சு என நம் அன்றாட அலுவல்கள் பலவும் இன்று கணினி வலையமைப்பின் வழியாகவே நிகழ்கின்றன. அது இடையில் நின்றுவிட்டால் நாம் சொல்வது ஒரே தொடர்: “நெட் இல்லை.” உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளில் இதனைக் கேட்கும் மாணவருக்கு இது வெறுஞ்சொல் அன்று, ஓராண்டுப் படிப்பே அதில் அடங்கியிருக்கக்கூடும். ஆயின், இவ்வொரு தொடருக்குள் வெவ்வேறான பல குறைகள் மறைந்துள்ளன. எது எவ்விடத்தில் நின்றது என்று அறிந்தவர்க்கே அதனை நீக்கும் வழி புலப்படும். அதற்கு வேண்டிய அடிப்படைச் செய்திகளை இக்கட்டுரையில் காண்போம்.

நெறிமுறை என்பது யாது?

இருவர் உரையாட வேண்டுமாயின் பொதுமொழி ஒன்று வேண்டும். யார் முதலில் பேசுவது, கேட்டது விளங்கியதை எவ்வாறு உணர்த்துவது என்னும் ஒழுங்கும் வேண்டும். கணினிகளுக்கிடையே அமைந்த இத்தகைய ஒழுங்கையே ‘புரோட்டோகால்’ என்பர். தமிழில் நெறிமுறை எனலாம்.

இன்றைய இன்டர்நெட்டிற்கு முன்னோடி, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பொருளுதவியால் உருவான ‘அர்ப்பாநெட்’ என்னும் வலையமைப்பாகும். 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்தின் கணினிக்கு ‘லாகின்’ என்னும் சொல்லை அனுப்ப முயன்றனர். ‘எல்’, ‘ஓ’ ஆகிய முதலிரண்டு எழுத்துகள் சென்ற அளவில் மறுமுனைக் கணினி செயலிழந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குப் பின்னரே முயற்சி வெற்றி பெற்றது. அனுப்பியது எப்போதும் போய்ச் சேரும் என்று நம்பிவிடலாகாது என்னும் பாடம் தொடக்க நாளிலேயே கிடைத்தது எனலாம்.

பொதிகளும் முகவரிகளும்

முந்நூறு பக்க நூல் ஒன்றைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனி உறையிலிட்டு அஞ்சலில் அனுப்புவதாகக் கொள்வோம். உறைகள் வெவ்வேறு வழியாகச் செல்லலாம்; முன்பின்னாக வந்து சேரலாம்; சில தொலைந்தும் போகலாம். கணினிச் செய்திகளும் இவ்வாறே ‘பாக்கெட்’ எனப்படும் சிறு பொதிகளாகச் செல்கின்றன. 1960களில் அமெரிக்காவில் பால் பேரனும் இங்கிலாந்தில் டொனால்டு டேவிஸும் தனித்தனியே இக்கருத்தை வகுத்தனர்.

உறையின் மேல் முகவரி எழுதும் பணியைச் செய்வது ‘ஐ.பி.’ என்னும் நெறிமுறை. அம்முகவரியைப் பார்த்து அடுத்த வழியைக் காட்டும் கருவி ‘ரூட்டர்’. பொதிகளுக்கு வரிசை எண் இட்டு, சேர்ந்தவற்றிற்கு ஒப்புகை பெற்று, சேராதவற்றை மீண்டும் அனுப்புவது ‘டி.சி.பி.’ என்னும் நெறிமுறை. வின்ட் செர்ஃப், பாப் கான் ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்ட கட்டுரை இவற்றிற்கு அடித்தளமாயிற்று. 1983 சனவரி 1 முதல் அர்ப்பாநெட் முழுமையும் இந்நெறிமுறைகளை ஏற்றது.

ஐ.பி. முகவரி, 0 முதல் 255 வரையிலான நான்கு எண்களைப் புள்ளியிட்டு எழுதுவதாகும். இம்முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே அமையும். உலகின் தேவைக்கு இவை போதாமையால், மிகப் பெரும் எண்ணிக்கைக்கு இடம் தரும் ‘ஐ.பி. ஆறாம் பதிப்பு’ம் இன்று உடன் வழங்குகிறது.

எண்களை நினைவிற் கொள்வது மக்களுக்கு எளிதன்று. எனவே பெயரைக் கேட்டு அதற்குரிய எண்ணைக் கூறும் ‘டி.என்.எஸ்.’ என்னும் அமைப்பை 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். ‘இந்தியா’, ‘இலங்கை’, ‘சிங்கப்பூர்’ என்று தமிழ் எழுத்தில் முடியும் தளப் பெயர்களும் இவ்வமைப்பில் இன்று இடம்பெற்றுள்ளமை நாம் மகிழத்தக்கது.

இணையப் பக்கங்களைக் கேட்டுப் பெறும் நெறிமுறை ‘எச்.டி.டி.பி.’ ஆகும். இது அஞ்சலட்டை போன்றது. இடையில் இருப்போர் படிக்க இயலும். இறுதியில் ‘எஸ்’ சேர்ந்த ‘எச்.டி.டி.பி.எஸ்.’ முத்திரையிட்ட உறை போன்றது. ஆயினும் உறை மூடியிருப்பதனாலேயே பெறுபவர் நேர்மையாளர் ஆகிவிடார். பணம் செலுத்துமுன் தளத்தின் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தல் கட்டாயம்.

குறை காணும் முறை

இனி “நெட் இல்லை” என்னும் தொடரைப் பகுத்துக் காண்போம். முதலில் கேபிளும் ரூட்டரின் விளக்கும் ஒழுங்காக உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். அடுத்து, விண்டோஸ் கணினியின் கட்டளைச் சாளரத்தில் ‘ஐபிகான்ஃபிக்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்தால் நம் கணினியின் முகவரியும் ரூட்டரின் முகவரியும் தோன்றும். நம் முகவரி 169.254 என்று தொடங்கினால், கணினிக்கு ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று பொருள்.

மூன்றாவதாகப் பயன்படுவது ‘பிங்’ என்னும் கட்டளை. 1983இல் மைக் மூஸ் எழுதிய இது, சிறு பொதியை அனுப்பி மறுமொழிக்குக் காத்திருக்கும். நீருக்கடியில் ஒலியனுப்பி எதிரொலி கேட்கும் சோனார் கருவியின் ஓசையே இதற்குப் பெயராயிற்று. ரூட்டரின் முகவரிக்குப் பிங் செய்து மறுமொழி வந்தால் நம் இல்லத்து இணைப்பு செம்மையாக உள்ளது. பின்னர் கூகுள் நிறுவனத்தின் பொது முகவரியாகிய 8.8.8.8க்குப் பிங் செய்யலாம். அங்கிருந்து மறுமொழி வாராதாயின் குறை பெரும்பாலும் இணைப்பு வழங்குவோரிடத்தது. எண்ணுக்கு மறுமொழி வந்து, பெயருக்கு மட்டும் வாராதாயின் குறை டி.என்.எஸ். அமைப்பில் உள்ளது. ஏனைய தளங்கள் யாவும் திறந்து, விண்ணப்பத் தளம் மட்டும் திறவாதாயின் குறை அத்தளத்தின் கணினியிடத்தேயே இருத்தல் கூடும். பொதிகள் எவ்வெவ் ரூட்டர் வழியே செல்கின்றன என்பதை ‘டிரேஸ்ரூட்’ என்னும் கருவி காட்டும். சில கணினிகள் பாதுகாப்புக் கருதிப் பிங்கிற்கு மறுமொழி தாரா. ஆதலின் ஒரு சோதனையை மட்டும் கொண்டு முடிவு செய்தல் தகாது.

இவ்வாறு சோதித்தறிந்த மாணவர் கையைப் பிசைந்து நில்லார். இணைப்பு வழங்குவோரை அழைப்பதா, வேறிடம் சென்று விண்ணப்பிப்பதா, தளத்தின் குறையை உரிய அலுவலகத்திற்கு நேரத்தோடு எழுதித் தெரிவிப்பதா என்று தெளிந்து செயற்படுவார்.

நிறைவாக ஒன்று கூறுவோம். இவ்வலையமைப்பின் விதிகளை ஆணையாக எவரும் பிறப்பிக்கவில்லை. அவற்றைத் தாங்கிய ஆவண வரிசைக்குக் ‘கருத்துரை வேண்டல்’ என்னும் பொருள்படும் பணிவான பெயரே வழங்குகிறது. அவ்வரிசையின் முதல் ஆவணத்தை 1969 ஏப்ரலில் எழுதிய ஸ்டீவ் கிராக்கர் அந்நாளில் ஒரு பல்கலைக்கழக மாணவர். மாணவர் எழுதத் தொடங்கிய நெறிகளை மாணவர் கற்றல் அரிதன்று. நம் கல்லூரி மாணவ மணிகள் அவற்றைக் கற்பதோடு, அறியாதார்க்கு நல்ல தமிழில் எடுத்துரைக்கவும் முன்வருதல் வேண்டும்.