சுருள்பாசியின் நீலம்

ஸ்பைருலினா எனப்படும் சுருள்பாசியின் பொடியைக் குளிர்ந்த நீரில் கரைத்து இரவு முழுக்க வைத்தால், பச்சைக் கசடு அடியில் தங்கி, மேலே நீலம் ஊறி நிற்கும். வெயிலில் பிடித்தால் ஓரத்தில் செந்நிறம் மினுங்கும். அதுதான் பைகோசயனின். பச்சையம் அவ்வளவாகத் தொடாத ஆரஞ்சு ஒளியைப் பிடித்துப் பாசியின் ஒளிச்சேர்க்கைக்குக் கொடுக்கும் நிறமி.

அதற்கு நிறம் தரும் மூலக்கூறு, நம் உடலிலுள்ள பிலிருபினுக்கு நெருங்கிய சொந்தம். மஞ்சள் காமாலையோடு சேர்த்தே நாம் அறிந்த பிலிருபின், அளவோடு இருந்தால் செல்களை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காக்கும். வீக்கத்தைத் தூண்டும் காக்ஸ்-2 நொதியைப் பைகோசயனின் தடுப்பதை, ஹைதராபாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் காட்டினார்கள்.

ஆனால் இவை ஆய்வுக்கூட முடிவுகள். மனிதர்களிடம் நடந்தவற்றுள் என்னை மிகவும் யோசிக்க வைப்பது, 1995இல் வெளியான கேரள ஆய்வு. வெற்றிலையோடு புகையிலை மென்று வாயில் வெள்ளைத் திட்டு விழுந்தவர்களுக்குத் தினமும் 1 கிராம் சுருள்பாசி, ஓராண்டுக்குக் கொடுத்தார்கள். இந்தத் திட்டு சிலருக்குப் புற்றுநோயாக மாறக்கூடியது. பாசி சாப்பிட்ட 44 பேரில் 20 பேருக்குத் திட்டு முழுதாக மறைந்தது. வெற்று மாத்திரை பெற்ற 43 பேரில் மூவருக்கு மட்டுமே. நிறுத்திய ஓராண்டுக்குள் அந்த 20 பேரில் 9 பேருக்குத் திட்டு திரும்பியது. பாசியில் நிறைய உள்ள பீட்டா கரோட்டின்தான் காரணம் என்று நினைக்கலாம். ஆனாலும் ரத்தத்தில் அதன் அளவு கூடவில்லை. அப்படியானால் குணம் தந்தது நீலமா, வேறு ஏதாவதா? அந்த ஆய்வு அதைப் பிரித்துச் சொல்லவில்லை. வாய்ப்புற்றுநோய் இத்தனை பேரை வாட்டும் நாட்டில், இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் ஆராய்ந்தே ஆக வேண்டும்.

பாசிக்குத் தொலைவில் தேட வேண்டாம்; புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரிலேயே சுருள்பாசிப் பண்ணை இருக்கிறது. காரத்தன்மையுள்ள நீரிலும் நல்ல வெயிலிலும் இது செழித்து வளரும். வாங்கிய பிறகுதான் பலர் வீணடிக்கிறார்கள். கரைசலில் சுமார் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே இந்த நீலம் சிதையத் தொடங்கும், புளிப்பும் ஆகாது. கொதிக்கும் சாம்பாரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ போடாமல், ஆறிய கஞ்சியில் கலக்கலாம்.

இயற்கை ஏரிகளில் அள்ளும் பாசியோடு கல்லீரலைக் கெடுக்கும் நச்சுப்பாசி கலந்துவிடக்கூடும். அதனால் நச்சு, கன உலோகச் சோதனை நடந்த பண்ணைப் பாசியையே வாங்குங்கள். ஃபீனைல்கீட்டோன்யூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது. தன்னெதிர்ப்பு நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். பி12 கிடைக்கும் என்று நம்பி வாங்கும் சைவர்களுக்கு ஒன்று: இதிலிருப்பது பெரும்பாலும் நம் உடல் பயன்படுத்த முடியாத போலி பி12. அதற்குப் பாலோ மாத்திரையோதான் வழி.