புயற்காற்றும் கூரை ஒப்பந்தமும்

2020ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் பிற்பகலில் 'நிசர்கா' புயல் மகாராஷ்டிரக் கடற்கரையை அலிபாகிற்குத் தெற்கே கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசிய காற்று, ராய்கட், ரத்னாகிரி மாவட்டங்களில் பெருந்தொகையான வீடுகளின் கூரைகளைப் பெயர்த்தெறிந்தது. சஹ்யாத்ரி மலைத்தொடரைக் கடந்து புனே மாவட்டத்தின் ஊர்ப்புறங்களிலும் அது தகடுகளைப் பிய்த்தது. பின்னர் நிவாரணம் வழங்கப்பட்டது. புதிய தகடுகள் வாங்கப்பட்டன. ஆனால் அவை எவ்வாறு பொருத்தப்பட்டன, பொருத்தியவர் யார் என்ற வினா பெரும்பாலும் எழவில்லை.

புனே நகருக்குத் தென்மேற்கே, முட்டா ஆற்றின்மீது அமைந்த கடக்வாஸ்லா, கடலிலிருந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருப்பது. அங்குள்ளோர் தம் ஊரைப் புயற்பகுதி என எண்ணுவதில்லை. ஆயினும் ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் இடியோடு சுழன்றடிக்கும் கோடை மழை அவர்களுக்குப் புதிதன்று. மராத்தியில் அதனை 'வளவாச்சா பாவூஸ்' என்பர். அணையிலிருந்து பான்ஷேத் செல்லும் சாலையோரக் கடைகளின் தகரக் கூரைகள்மீது கருங்கற்களையும் பழைய டயர்களையும் காணலாம். கூரைமேல் கல் வைப்பது, கூரைக்கடியில் ஆணி சரியில்லை என்று உரிமையாளரே அளிக்கும் வாக்குமூலம் எனலாம்.

அணை ஒன்றைக் கட்டுமுன் அதன் சிறு மாதிரியை அமைத்து நீரோட்டத்தைச் சோதித்துப் பார்க்கும் மத்திய நீர், மின்சக்தி ஆராய்ச்சி நிலையம் இதே கடக்வாஸ்லாவில்தான் இயங்குகிறது. அதன் தொடக்கம் 1916ஆம் ஆண்டு. 1961 ஜூலை 12இல் பான்ஷேத் அணை உடைந்து, அந்த வெள்ளத்தால் கடக்வாஸ்லா அணையும் உடைந்த நிகழ்ச்சியைப் புனே மக்கள் மறக்கவில்லை. நீரின் விசையைக் கணக்கிட்டே கட்ட வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. காற்றின் விசையோ, தகரம் போட வரும் தொழிலாளியின் கைப்பழக்கத்திற்கு விடப்பட்டிருக்கிறது.

காற்றின் கணக்கு

கட்டடங்கள்மீது காற்று செலுத்தும் விசையைக் கணக்கிடும் முறையை இந்தியத் தர நிர்ணயம் 875, மூன்றாம் பகுதி வகுத்துள்ளது. 1987இல் வெளிவந்த பதிப்பு 2015இல் திருத்தப்பட்டது. இதன்படி புனேயின் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர். சென்னைக்கு இது வினாடிக்கு 50 மீட்டர். ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை எதிர்பார்க்கத்தக்க வேகம் இது என்பதே இதன் பொருள். ஐம்பது ஆண்டு என்றதும் நம் காலத்தில் வராது என்று கருதிவிடலாகாது. ஐம்பது ஆண்டு நிற்கும் ஒரு கட்டடம், அக்காலத்திற்குள் ஒருமுறையேனும் இவ்வேகத்தைச் சந்திப்பதற்கான வாய்ப்பு 63 விழுக்காடு.

வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். புனேயின் 39 மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது சுமார் 93 கிலோகிராம் விசை உண்டாகிறது. கூரையைப் பொறுத்தவரை இவ்விசை பெரும்பாலும் மேல்நோக்கி இழுக்கும் உறிஞ்சுவிசையாகவே அமைகிறது. பத்தடி நீளமும் மூன்றடி அகலமும் கொண்ட இரும்புத் தகடு ஒன்றின் எடை பதினைந்து கிலோவுக்கு மேற்படாது. அதனை மேலே இழுக்கும் விசையோ 260 கிலோவை எட்டலாம். கூரையின் விளிம்புகளிலும் மூலைகளிலும் இது மேலும் மிகும். காற்று மோதிக் கதவு திறந்துகொண்டால் உள்ளிருந்தும் அழுத்தம் சேரும். புயலின்போது தகடுகள் பெரும்பாலும் ஓரத்திலிருந்து பெயரத் தொடங்குவது இதனால்தான்.

இடத்தின் அமைப்பும் கணக்கில் சேர வேண்டும். குன்றின் சரிவிலும் முகட்டிலும் காற்றின் வேகத்தை 36 விழுக்காடு வரை உயர்த்திக் கணக்கிட மேற்கூறிய தர நிர்ணயம் கூறுகிறது. அழுத்தம் அப்போது ஏறத்தாழ 85 விழுக்காடு கூடும். சிங்ககட் மலைச்சரிவில் கூரை போடுபவருக்கு, சமவெளியில் செல்லுபடியான கைப்பழக்கம் போதாது.

உரிமம் எனப்படுவது எது?

'உரிமம் பெற்ற கூரை ஒப்பந்தக்காரரையே அமர்த்துக' என்பது புயற்பகுதி மக்களுக்கு மேலைநாடுகளில் கூறப்படும் முதல் அறிவுரை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கூரைத் தொழிலுக்கென்றே தனி உரிமம் உண்டு. 1992 ஆகஸ்டில் 'ஆண்ட்ரூ' புயல் விளைத்த அழிவுக்குப் பின் அங்குக் கட்டட விதிகள் முழுவதும் சீரமைக்கப்பட்டு, மாநிலம் முழுமைக்குமான விதித்தொகுப்பு 2002இல் நடைமுறைக்கு வந்தது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட காலத்தில் உரிமமின்றிக் கட்டட ஒப்பந்தம் செய்வது அங்குக் கடுங்குற்றமாகும்.

நம் நாட்டின் நிலை வேறு. ஒரு வீட்டின் மின்கம்பி இணைப்பை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே செய்ய வேண்டும் என 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் கூறின. பின்வந்த ஒழுங்குமுறைகளும் அதனைத் தொடர்ந்தன. அதே வீட்டின் கூரையை எவரும் போடலாம். பொதுப்பணித் துறையில் பதிவுபெற்ற ஒப்பந்தக்காரர்கள் உள்ளனர் என்பது உண்மை. ஆனால் அவர்கள் எவ்வளவு தொகைக்கு வேலை எடுக்கலாம் என்ற அடிப்படையில் வகுக்கப்பட்டவர்கள். தகடு பொருத்தும் திறன் அப்பதிவில் தனியே சோதிக்கப்படுவதில்லை. சரக்கு, சேவை வரிப் பதிவு எண் வரி செலுத்துவதற்கானது. கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை ஒருவர் தொழிலாளி என்பதற்கான சான்று. இவை மூன்றும் பயனுடையவை. எனினும் இவற்றுள் எதுவும் கூரை பறக்காது என்பதற்கு உறுதியாகாது. பதிவெண் அச்சிட்ட பெயரட்டையைக் கண்டு ஏமாந்தோர் படித்தவரிடையேயும் பலர்.

பொருளாதார நோக்கில் இது பழகிய சிக்கலே. விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாதபோது தரமான பொருள் சந்தையிலிருந்து விலகிவிடும் என்பதை ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல், பழைய மோட்டார் வண்டிகளின் விற்பனையை எடுத்துக்காட்டி விளக்கினார். 2001இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவர் ஒருவர். பழைய வண்டியின் குறை சில வாரங்களில் புலப்பட்டுவிடும். கூரையின் குறை பல ஆண்டுகள் மறைந்திருக்கும். நல்ல கூரையும் கெட்ட கூரையும் வெயில் நாளில் ஒன்றுபோலவே தோன்றும். தகட்டின் கனத்தையும் நிறத்தையும் பார்த்து விலை பேசும் வீட்டுக்காரர், ஆணிகளின் எண்ணிக்கையைக் கேட்பதில்லை. ஆகவே ஒப்பந்தக்காரர் மிச்சம் பிடிப்பது ஆணியில்தான். மொத்தச் செலவில் ஆணிக்கும் வாஷருக்கும் ஆகும் தொகை சிறு பங்கே. அச்சிறு பங்கே கூரையின் உயிர்நிலை.

எனவே ஆளுக்கு உரிமம் அளிப்பதைவிடச் செய்த வேலைக்குச் சான்று அளிப்பது நம் நிலைக்கு ஏற்றது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. இதற்கும் முன்னுதாரணம் உண்டு. புயல்கள் மிகுந்த டெக்சஸ் மாநிலம், கூரை ஒப்பந்தக்காரர்களுக்கு மாநில உரிமம் இல்லாமலேயே நெடுங்காலம் இயங்கியது. ஆனால் அதன் கடற்கரை மாவட்டங்களில் காற்றுச்சேதக் காப்புறுதி பெற வேண்டுமாயின், கட்டுமானம் விதிகளுக்கு இணங்கியது என்னும் சான்று தேவைப்படுகிறது. அங்கு ஒப்பந்தக்காரரின் தகுதியைவிட அவர் முடித்த கூரையே ஆய்வுக்கு உள்ளாகிறது.

எதைக் கேட்க வேண்டும்?

தாழ்ந்த வீடுகளைப் புயலுக்குத் தாங்குமாறு அமைப்பதற்கான வழிகாட்டி நெறிகளை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2004இல் தனித் தர நிர்ணயமாக (எண் 15498) வெளியிட்டது. இந்நெறிகளின் சாரம் எளியது. கைமரம் சுவரோடும், சட்டம் கைமரத்தோடும், தகடு சட்டத்தோடும் இறுகப் பிணைந்திருக்க வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் பிற கண்ணிகள் பயன்படா. நடைமுறையில் மிகத் தளர்ந்த கண்ணி, தகட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் ஜே வடிவக் கொக்கி ஆணியாகும். மேலே இழுபடும்போது அதன் வளைவு நிமிர்ந்து நழுவிவிடுகிறது. இரு காலாலும் சட்டத்தைத் தழுவிப் பிடிக்கும் யு வடிவ ஆணி அவ்வாறு நழுவுவதில்லை. வாஷர் சிறிதாயின், ஆணி நின்றுவிட, தகடு மட்டும் கிழிந்து பறக்கும். இக்காலத்தில் இரும்புக் குழாய்ச் சட்டங்களில் தானே துளையிட்டு இறங்கும் திருகாணிகள் பரவலாகிவிட்டன. குழாயின் சுவர் மெலிந்ததாயின் அவற்றுக்குப் பிடிப்பு இராது.

ஆகவே ஒப்பந்தத் தாளில் தகட்டின் கனத்தோடு ஆணியின் வகையும் குறுக்களவும், ஓரங்களிலும் முகட்டிலும் ஆணிகளின் இடைவெளியும், கைமரத்தைச் சுவரில் நங்கூரமிடும் முறையும் எழுதப்பட வேண்டும். விளிம்பு, சுவரைத் தாண்டி ஒன்றரை அடிக்கு மேல் நீளாதிருப்பது நன்று. வேலை நடக்கும்போதே புகைப்படம் எடுத்துவைப்பது இன்று எவருக்கும் இயலும். சுவரில் பதித்த நங்கூரம் பூச்சுக்குள் மறைந்தபின் அதனைச் சரிபார்க்க வழியில்லை.

இவற்றை ஏழைக் குடும்பம் ஒவ்வொன்றும் தானே கேட்டுப் பெறும் என எதிர்பார்ப்பது முறையன்று. இங்கே அரசின் பங்கு பெரிது. 2018 நவம்பர் 16இல் 'கஜா' புயல் வேதாரண்யம் பகுதியைக் கடந்தபோதும், 2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல் கடலூரைத் தாக்கியபோதும் கூரை இழந்தோரில் மிகப் பலர் எளியோரே. பறந்துவரும் தகடு அண்டை வீட்டாரின் உயிரையும் பறிக்கவல்லது. நிவாரணம் சேதத்தின் அளவைக் கொண்டு வழங்கப்படுகிறது. அதனோடு ஆணிகளையும் வாஷர்களையும் பொருளாகவே சேர்த்து வழங்கினால் செலவு சிறிதே கூடும். பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டத்தில் கொத்தனார்களுக்குப் பயிற்சியும் சான்றும் அளிக்கும் ஏற்பாடு ஏற்கெனவே உள்ளது. தகடு பொருத்துவோருக்கும் அதனை விரிவாக்கலாம். பள்ளி, அங்கன்வாடிக் கூரைகளின் பராமரிப்பு ஒப்பந்தங்களில் அத்தகையோரையே அமர்த்த வேண்டும் என நிபந்தனை விதித்தால், சான்றுக்குச் சந்தையில் மதிப்பு உண்டாகும்.

2015ஆம் ஆண்டுத் திருத்தம் கிழக்குக் கடற்கரையிலும் குஜராத் கடற்கரையிலும் 60 கிலோமீட்டர் அகலப் பகுதிக்கு, கட்டடத்தின் இன்றியமையாமைக்கேற்பக் கூடுதல் பெருக்கெண் வகுத்தது. கொங்கணக் கரை அதில் சேர்க்கப்படவில்லை. நிசர்கா கரையைக் கடந்தது அங்கேதான்.

காலமும் கருதத்தக்கது. மே மாதத்தில் தகடு போடுவோருக்கு ஓய்வில்லை. கூலி உயரும், வேலை விரையும். பிப்ரவரி, மார்ச்சில் தொடங்குவோருக்கு நல்ல ஆளும் கிடைப்பர், மேற்பார்வைக்கு நேரமும் கிடைக்கும். அரசுப் பணிகளில் ஒப்பந்தக்காரரின் பிணைத் தொகையில் ஒரு பகுதி, குறைகளுக்குப் பொறுப்பேற்கும் காலம் முடியும்வரை நிறுத்திவைக்கப்படுகிறது. வீட்டுக்காரரும் இதனைப் பின்பற்றலாம். மார்ச்சில் முடிந்த கூரைக்கு, கோடை மழை இரண்டு முறையேனும் அடித்து ஓய்ந்தபின், ஆணிகளை மறுமுறை முடுக்கித் தந்ததும் எஞ்சிய தொகையைக் கொடுப்பதாக முன்னரே எழுதிக்கொள்ளலாம்.