குளிர் ஏரியில் நீந்தப் புகுமுன்

நீந்தத் தெரிந்தவன் எந்நீரிலும் நீந்துவான் என்பது நம் நாட்டிற் பொதுவாக நிலவும் எண்ணம். கிணற்றிலும் ஆற்றிலும் பழகிய நமக்கு அஃது இயல்பே. ஆயின், மேற்படிப்பின் பொருட்டு இங்கிலாந்து செல்லும் மாணவர், அந்நாட்டு ஏரிகளில் நீந்துதல் இப்பொழுது பெருவழக்காய் இருத்தலைக் கண்டு தாமும் ஆசையுறுதல் கூடும். அங்கே பயிற்சி ஆசான் ஒருவரின் கீழ் நீந்தப் புகுவோர் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தங்கள் யாவை, அவை எதன் பொருட்டு என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

வேர்ட்ஸ்வொர்த் என்னும் ஆங்கிலப் புலவர் வாழ்ந்த ஏரி நாட்டைப் பற்றி வகுப்பிற் கேள்விப்படாதார் நம்முள் அரியர். அந்நாட்டு வின்டர்மியர், இங்கிலாந்தின் இயற்கை ஏரிகளுள் மிகப் பெரியது. ஏறக்குறைய 17 கிலோமீட்டர் நீளமும் 60 மீட்டருக்கு மேற்பட்ட ஆழமும் உடையது. 2008 ஆம் ஆண்டில் அங்கே பெருந்திரளானோர் கூடி நீந்தும் விழா ஒன்று தொடங்கப் பெற்றது. நீலப்பச்சைப் பாசி படர்ந்தமையால் 2010 இல் அவ்விழா நிறுத்தப்பட்டது. நீரின் நலத்தை முன்னரே விசாரித்தல் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று. நீச்சற்குளத்து நீர் 27 அல்லது 28 பாகை சென்டிகிரேடு வெம்மையுடையதாக, இவ்வேரியோ கோடையின் உச்சத்திலும் 20 பாகையை எட்டுதல் அரிது. மே மாதத்தில் 10, 12 பாகை அளவிலேயே நிற்கும். காற்று இதமாய் வீசுதலைக் கண்டு நீரும் அவ்வாறே இருக்கும் என்று கருதுதல் தவறு. நீர் மெல்லச் சூடேறும் பொருளாதலின், வசந்தம் கரையை அடைந்த பின்னரும் ஏரியினுள் மாரிக்காலமே நடைபெறும்.

குளிர்நீரில் இறப்போர் உடல் விறைத்தே இறக்கின்றனர் என்று பலரும் எண்ணுவர். உடலின் உட்சூடு அபாயமான அளவிற்குக் குறைதற்கு அரைமணி நேரமேனும் செல்லும். இடரோ அதற்கு நெடுநேரம் முன்னரே நேர்ந்துவிடுகின்றது. போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக் டிப்டன் என்பார் பல்லாண்டுகள் ஆராய்ந்து விளக்கிய செய்தி இது. 15 பாகைக்குக் குறைந்த நீர் தோலைத் திடீரெனத் தீண்டியவுடன், நம் விருப்பத்தைக் கேளாமலே நெஞ்சு பெருமூச்சொன்றை உள்ளிழுக்கின்றது. தொடர்ந்து, அடக்கவொண்ணாதபடி மூச்சு விரைகின்றது. இதயத் துடிப்பும் குருதியின் அழுத்தமும் ஏறுகின்றன. அம்முதல் மூச்சில் இரண்டு மூன்று லிட்டர் காற்று உட்செல்லும். அவ்வேளை முகம் நீருக்குள் இருப்பின் காற்றுக்கு மாறாக நீரே செல்லும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. கிணற்று மேட்டிலிருந்து தலைகீழாய்ப் பாயும் நம்மூர் வீரர்க்கு அங்கே வாய்க்கும் மூச்சு இத்தகையதே. கைகால் வன்மை அவ்வேளையில் எள்ளளவும் துணை செய்யாது. ஆயினும் இவ்வதிர்ச்சி நெடிது நில்லாது. அரை நிமிடத்தில் உச்சமடைந்து, இரண்டு மூன்று நிமிடங்களில் தானே தணியும். அச்சிறு பொழுதைக் கடத்தும் வகையை அறிதலே ஆயத்தங்களுள் தலையாயது.

மற்றுமொன்று. முகத்தை நீரில் ஆழ்த்தி மூச்சை அடக்கினால் இதயம் மெதுவாய்த் துடிக்க முயலும். தோலில் ஏறிய குளிரோ அதனை விரையச் செய்யும். இவ்விரு கட்டளைகளும் ஒருங்கே வந்து மோதுங்கால் துடிப்பு முறை தவறக்கூடும் என டிப்டனும் ஷாட்டாக் என்பாரும் 2012 இல் எழுதினர். இதய நோயுடையார் மருத்துவரைக் கேளாது இறங்கலாகாது என்று ஆசான்மார் கண்டித்துக் கூறுவது இதுபற்றியே.

இவ்வதிர்ச்சியைப் பழக்கத்தாற் குறைக்கலாம். குளிர்நீரில் இரண்டு மூன்று நிமிடம் மட்டும் அமிழ்ந்தெழுவதை ஐந்தாறு முறை செய்தாலே அதன் வேகம் ஏறக்குறையப் பாதியாகும் என்று சோதனைகள் காட்டியுள்ளன. அப்பயன் பல மாதம் நிலைப்பதும் உண்டு. ஆதலின் பயிற்சி நாளுக்கு முன் சில வாரங்கள், துணையொருவர் அருகிருக்க, குளிர்நீரில் மெல்ல அமிழ்ந்து மூச்சை நெடிது வெளிவிட்டுப் பழகுதல் நன்று. வெப்ப நாட்டார்க்கு இது கைகூடுமோ என்று ஐயுறல் வேண்டா. பாக் நீரிணையை நீந்திய நம் குற்றாலீசுவரன், அதே 1994 ஆம் ஆண்டில், சிறுவனாயிருந்தபொழுதே ஆங்கிலக் கால்வாயையும் நீந்திக் கடந்தார். கால்வாய் ஏரியன்று, கடலே. ஆயினும் குளிர் ஒன்றே.

இனி, உடை முதலியன. நியோப்ரீன் என்னும் ரப்பரிலே நுண்ணிய குமிழிகள் அடங்கியிருத்தலின், அதனாற் செய்த நீச்சலுடை சூட்டைக் காப்பதோடு உடலை மிதக்கவும் செய்யும். கழுத்தை இறுக்கும் உடை மூச்சை முட்டச் செய்து வீண் அச்சம் விளைக்குமாதலின், முன்னரே நீச்சற்குளத்தில் உடுத்து நீந்திப் பார்த்தல் வேண்டும். பளிச்சென்ற நிறமுடைய தொப்பியும், இடுப்பிற் கட்டி இழுத்துச் செல்லும் காற்றடைத்த மிதவையும் படகோட்டிகள் நம்மைக் காணுதற்கானவை. மிதவையை உயிர்காக்கும் கருவியென்று நம்பியிருத்தல் தகாது. ஏரியின் அடியில் வழிகாட்டும் கோடு இல்லை. ஆதலின் சில வீச்சுகளுக்கு ஒருமுறை முதலையைப்போற் கண்ணை மட்டும் நீர்மட்டத்தின்மேல் உயர்த்தி எதிரேயுள்ள அடையாளத்தை நோக்குதல் வேண்டும். குளத்தில் எட்டு வீச்சுகள் கண்ணை மூடி நீந்திப் பார்ப்பவன் தான் எப்பக்கம் சாய்ந்து விலகுகின்றான் என்பதை அறிவான், பெரும்பாலோர் வியப்புறுவர்.

பயிற்சி நாளன்று ஆசான் நீரின் வெம்மையை அளந்து, அதற்கேற்ப நேரத்தை வரையறுப்பார். இறங்குவோரையும் ஏறுவோரையும் எண்ணிக் கணக்கிடுவார். உதவி வேண்டின் மல்லாந்து மிதந்து ஒரு கையை உயர்த்தி அசைக்குமாறு சொல்வார். பாயாது நடந்தே இறங்குதல் முறை. இடுப்பளவு நீரில் நின்று, முகத்திலும் பிடரியிலும் நீரைத் தெளித்து, உடையினுள் சிறிது நீர் புகவிட்டு, மூச்சு நிதானப்படும்வரை மிதந்திருந்து, அதன் பின்னரே நீந்தத் தொடங்குதல் வேண்டும். 1824 இல் நிறுவப்பெற்ற அந்நாட்டு உயிர்காப்புப் படகுச் சங்கத்தாரும், தவறி வீழ்ந்தோர்க்கு, முதலில் மிதந்திருங்கள் என்றே அறிவுறுத்துகின்றனர். நேரம் செல்லச் செல்லக் கைகள் வலியிழக்கும். விரல்கள் சேராமற் கோழிக்காலைப்போல் விரிந்து நிற்பின், வரையறுத்த நேரம் எஞ்சியிருப்பினும் கரையேறிவிடல் வேண்டும்.

கரையேறிய பின்னும் வேலை முடிந்தபாடில்லை. உடலின் மேற்புறம் குளிர்ந்திருத்தலின், உள்ளிருக்கும் சூடு வெளிநோக்கிப் பரவிக்கொண்டே இருக்கும். ஆகவே நீரைவிட்டு நீங்கிய பின்னரும் இருபது முப்பது நிமிடம்வரை உட்சூடு குறைதல் உண்டு. ஏறியபொழுது சிரித்துப் பேசியவர் பத்து நிமிடத்தில் நடுநடுங்குவதன் காரணம் இதுவே. ஈரத்தை உடனே துடைத்து, மார்புக்குரிய உடை தொடங்கிப் பல மடிப்பாய் உடுத்துத் தலையையும் மூடிக்கொள்ளுதல் வேண்டும். நடுங்கும் விரல்களுக்குப் பொத்தான் பூட்டுதலும் பெரும்பாடாதலின், உடைகளை உடுத்தும் வரிசைப்படி முன்னரே அடுக்கி வைத்திருப்பர் அறிந்தோர். பிளாஸ்கிற் கொணர்ந்த இளஞ்சூட்டுத் தேநீரைப் பருகலாம், மது ஆகாது. சுடுநீரில் உடனே குளித்தால் தோலின் குருதிக் குழாய்கள் விரிந்து, அழுத்தம் தாழ்ந்து, மயக்கம் வருதல் கூடும். நடுக்கம் முற்றும் அடங்கும்வரை காரோட்டவும் ஆசான்மார் விடுவதில்லை.