கடைசி வரிசைப் பையனுக்கு ஒரு கதைப் புத்தகம்

மூன்றாம் வகுப்பு. முப்பது பிள்ளைகள். எல்லார் கையிலும் ஒரே பாடப் புத்தகம்.

முன் வரிசைச் சிறுமி மடமடவென்று வாசிக்கிறாள். கடைசி வரிசைப் பையனோ, மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு உதட்டை மட்டும் அசைக்கிறான். எழுத்துக்கள் அவனுக்குத் தெரியும். கூட்டி வாசிக்கத்தான் வரவில்லை. அவனை 'மக்கு' என்று சொல்லி விடுவது சுலபம். அவனுக்கு ஏற்ற புத்தகத்தைத் தேடிக் கொடுப்பது அல்லவா கஷ்டம்!

அந்தக் கஷ்டத்தைக் குறைக்க இணையத்தில் ஒரு கதைக் களஞ்சியம் இருக்கிறது. அதன் பெயர் ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் என்ற பதிப்பகம், 2015 செப்டம்பர் 8ஆம் தேதி, உலக எழுத்தறிவு தினத்தன்று இதைத் தொடங்கியது. லாபம் கருதாத நிறுவனம் அது. தமிழ்க் கதைகளும் இங்கே உண்டு, காசு கிடையாது.

நான்கு படிகள்

கதைகளை நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் படியில் எளிய சொற்கள், சொன்ன சொல்லே திரும்பத் திரும்ப வரும், பக்கம்தோறும் படம். மேலே போகப் போக வாக்கியங்கள் நீளும்.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், மாணவர்களை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்க வழி செய்தது. நிலை மூன்றானால், வாசிக்கும் புத்தகமும் மூன்று விதமாக இருக்க வேண்டாமா? அதற்கு இந்தக் களஞ்சியம் கைகொடுக்கும்.

பள்ளியில் இணைய வசதி இல்லையா? கவலை வேண்டாம். வீட்டிலேயே பதிவிறக்கம் செய்து, அச்சிட்டுக் கொண்டு போகலாம். ஆசிரியரே ஒரு கதையை மொழிபெயர்க்கலாம். ஊர் வழக்குக்கு ஏற்பச் சொற்களை மாற்றலாம். எழுதியவர், படம் வரைந்தவர் பெயர்களைக் குறிப்பிட வேண்டும். உரிமம் அதற்கு இடம் தருகிறது.

கேட்கும் காது

கதையைக் கொடுத்து விட்டால் மட்டும் போதாது. பையனைத் தனியே அழைத்து, ஒரு பக்கம் வாசிக்கச் சொல்ல வேண்டும். வரிக்கு வரி தடுமாறினால் கீழ்ப்படிக் கதை. தங்குதடையின்றி வாசித்தால் மேல்படிக் கதை. வகுப்பு எத்தனையாவது என்பது இங்கே கணக்கில்லை.

கணினி ஆயிரம் கதைகளைக் கொண்டு வந்து குவிக்கலாம். அவற்றுள் அந்தப் பையனுக்கு உரியது எது என்று அறிந்தவர் ஆசிரியர் ஒருவரே. அவன் திக்கித் திக்கி வாசிக்கையில், பொறுமையாகக் காது கொடுக்க வேண்டியவரும் அவரே.

ஒரு நாள் அவன் ஒரு கதையை முழுவதும் தானே வாசித்து முடிப்பான். அன்று உதட்டசைவு நின்று, அவன் குரல் கேட்கும்!