மருந்துண்போர் கூற்று

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே, வைத்தியத்தின் நான்கு உறுப்புக்களைக் கூறுமிடத்து, நோயாளியை முதலிலும் வைத்தியனை இரண்டாவதாகவும் வைத்தார். வகுப்பிலே பலகாற் படிப்பித்தும் அவ்வரிசையை யான் ஊன்றி நோக்கியதில்லை. கனடாவிலுள்ள வன்கூவர் நகரத்து வரலாறொன்றை அறிந்த பின்னரே அது மனத்திற் பட்டது.

அந்நகரின் ஒரு பகுதியிலே ஹெரோயின் முதலிய போதைப்பொருள்களை ஊசியால் ஏற்றுவோர் பலர் வாழ்கின்றனர். அவர்களிடையே எயிட்ஸ் நோய்க்கிருமி பெருகப் பரவியமையால், 1997இல் அங்குள்ள சுகாதார சபை அவசரநிலையைப் பிரகடனஞ் செய்தது. அடுத்த ஆண்டளவில் அம்மக்களே கூடித் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி 'வான்டு' என்பர். நம் செவிக்கு வண்டு என்றே கேட்கும்! நிருவாகத்திலும் அவர்களே இருக்கின்றனர்.

இத்தகைய சங்கங்கள் செய்யும் பணிகளுள் ஒன்று, தாம் பெறும் சுகாதார சேவையைத் தாமே கண்காணித்தல். வினாக்களைத் தாமே வகுத்து, தம்மைப் போன்றோரை விசாரித்து, விடைகளைத் தொகுத்துப் பொறுப்பாளர் முன் வைப்பர். திருத்தம் நிகழ்ந்ததா என மீண்டுஞ் சென்று பார்ப்பர். மேலதிகாரி வந்து பார்ப்பது வேறு. வித்தியாதரிசி வரும் நாளிலே நம் பாடசாலைகள் எத்துணைத் துப்புரவாய் விளங்கும் என்பதைப் பழைய மாணவர் மறந்திரார்.

ஹெரோயினுக்கு மாற்றாக மெதடோன் என்னும் மருந்து கொடுக்கப்படுகின்றது. நாளுக்கு ஒருமுறை, பெரும்பாலும் மருந்துச்சாலையிலே மருந்தாளர் முன்னிலையில் அருந்துவர். அடுத்த நாள் வரை அது உடலில் நின்று, போதைப்பொருள் கிடையாதபோது எழும் நோவைத் தடுத்தல் வேண்டும். வன்கூவர் அடங்கிய பிரித்தானிய கொலம்பிய மாகாணத்தில், மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராமாக மருந்தாளர் பானத்திற் கலந்து வந்த மெதடோனுக்குப் பதிலாக, 2014 பெப்ரவரியில் 'மெதடோஸ்' என்னும் 10 மில்லிகிராம் செறிவுள்ள தயாரிப்பு புகுத்தப்பட்டது. ஒருவர் பெறும் மொத்த மில்லிகிராம் மாறவில்லை. ஆதலால் பயனும் மாறாது என எண்ணப்பட்டது. காகிதத்திலே அது சரியான கணக்குத்தான்.

ஆயின் மருந்துண்டோர் பலர், விடியுமுன்னரே வியர்வையும் உடல்நோவும் நித்திரையின்மையும் தம்மை வாட்டுவதைக் கண்டனர். சிலர் ஹெரோயினை மீண்டும் நாடினர். தனியொருவன் சென்று இதனை முறையிட்டால், "மருந்தைக் கூட்டிப் பெறுதற்குச் சூழ்ச்சி செய்கிறான்" என்று தள்ளிவிடுதல் எளிது. போதைப்பொருள் உண்பவன் சொல்லை யார் நம்புவர்? சங்கத்தின் வழியே பலர் கூற்றும் ஒன்றாய் ஒலித்தபோது அவ்வாறு தள்ளுதல் அரிதாயிற்று. 2015இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஆய்வாளர் நேரிற் கண்டு வினவியபோதும் அதே துன்பங்களே கூறப்பட்டன. மாற்றத்தின் முன் இவர்களைக் கலந்து கேட்டது மிகக் குறைவு என்பதும் வெளிப்பட்டது.

இதனை அற்பமான சுவை வேறுபாடாகக் கருதற்க. அவ்வாண்டுகளிலேதான் தெருவில் விற்கும் ஹெரோயினோடு, அதனினும் பன்மடங்கு வலிய பென்டனில் கலந்து வரலாயிற்று. 2016 ஏப்ரலில், பெருகிய மரணங்களால் அம்மாகாணம் முழுவதற்கும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அதிகாலையில் மருந்தின் வலி குன்றித் தெருவுக்குச் சென்றவன் திரும்பாதொழிதலுங் கூடும்.

விசாரிப்போனும் அவர்களுள் ஒருவனாதல் வேண்டும் என்பதற்குத் தக்க காரணம் உண்டு. மருந்தையும் கொடுத்து, பின்னர் நிறுத்தவும் வல்ல அதிகாரி, "நேற்று ஊசி ஏற்றினாயா?" என்று கேட்டால் உண்மை வாராது. தெருவிலே தன்னோடு நின்றவன் கேட்டால் வரும். அவன் குறிப்புப் புத்தகத்திற் பெயரும் எழுதான்.