மென்பொருட் கட்டுமானமும் வழு நாடலும்

மனிதர் ஒருவரோடொருவர் பேசும்போது சொல்லிற் சிறிது பிழை நேர்ந்தாலும் கேட்போர் இடமறிந்து பொருள் கொள்வர். கணினிக்கு அத்தகைய ஊகம் இல்லை. எழுதியது எழுதியவாறே அதற்குப் பொருளாகும். ஆதலின், செய்நிரல் ஒன்றை எழுதி முடித்து, அதனை இயங்கத்தக்க மென்பொருளாகக் கட்ட முயலும்போது பிழைச்செய்திகள் திரையை நிறைத்தல் எங்கும் காணப்படும் நிகழ்ச்சியே. அவற்றைக் கண்டு மருள்வார் சிலர். அவற்றைப் படியாமலே, எங்கோ கண்ட பரிகாரங்களை ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பார் பலர். இரு சாராரும் பிழைச்செய்தியைச் சான்றாகக் கொள்ளத் தவறுகின்றனர். அச்சான்றைக் கூறிய கருவி எது, அது முதலிற் கூறியது யாது என்னும் இரு வினாக்களுக்கும் விடை கண்டார்க்கு வழுவின் இயல்பு பெரும்பாலும் அப்போதே விளங்கிவிடும்.

இவ்வினாக்கள் யூனிக்ஸ் குடும்பத்துப் பணிசெயல் முறைமைகளுக்குச் சிறப்பாகப் பொருந்துதற்கு அவற்றின் அமைப்பே காரணமாகும். யூனிக்ஸ், 1969 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் தொடங்கிய பணியின் பயனாகும். 1973 இல் அது றிச்சி ஆக்கிய சீ மொழியில் மீள எழுதப்பட்டது. ஒவ்வொரு கருவியும் ஒரு தொழிலைச் செவ்வனே செய்தல் வேண்டும்; பெரும்பணிகள் சிறு கருவிகளின் கூட்டுறவால் நிறைவேறல் வேண்டும் என்பது அதனை ஆக்கியோர் கொள்கை. 1991 இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் வெளியிட்ட லினக்ஸும் இவ்வழியையே பின்பற்றியது. ஆகவே, இம்முறைமைகளில் மென்பொருட் கட்டுமானம் என்பது பல கருவிகள் நிரலே நின்று, ஒன்றன் விளைவை மற்றொன்று ஏற்று நடத்தும் தொழிலாகும். வழு நேர்ந்தபோது அக்கருவிகளுள் ஒன்று பேசுகின்றது. பேசுவது எதுவென அறியாதார் பரிகாரத்தை வேறிடத்திற் செய்து காலம் கழிப்பர்.

சீ மொழியில் எழுதப்பட்ட செய்நிரல் நான்கு படிகளைக் கடக்கின்றது. முதலாவது முன்செயலி, இது மூலக்கோப்பிற் பெயர் குறிக்கப்பட்ட தலைப்புக் கோப்புக்களை எடுத்து உரிய இடங்களில் இடுகின்றது. இரண்டாவது தொகுப்பான்; இது மொழியின் இலக்கணத்தை ஆராய்ந்து, செய்நிரலை ஒருங்குசேர்ப்பு மொழிக்கு மாற்றுகின்றது. மூன்றாவது ஒருங்குசேர்ப்பான், இது அதனைப் பொறிமொழியாக்கிப் பொருட்கோப்பு என்பதை உண்டாக்குகின்றது. நான்காவது இணைப்பான், இது பொருட்கோப்புக்களையும், பலர்க்கும் பயன்படுமாறு முன்னரே ஆக்கிவைக்கப்பட்ட செய்நிரற் பகுதிகளாகிய நூலகங்களையும் ஒன்றாகப் பிணைக்கின்றது. றிச்சட் ஸ்டோல்மன் 1987 இல் வெளியிட்ட ஜீ.சீ.சீ. என்னும் தொகுதி ஒரே கட்டளையால் இந்நான்கையும் ஏவுதலின், பயில்வோர் நான்கையும் ஒன்றென மயங்குவர்.

ஒரு தலைப்புக் கோப்பின் பெயரைக் கூறி, 'அத்தகைய கோப்போ கோப்புறையோ இல்லை' என வருஞ் செய்தி முன்செயலியின் கூற்றாகும். தரவைச் சுருக்குதற்குரிய ஸெட்லிப் என்னும் நூலகத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். லினக்ஸ் கணினிகள் பெரும்பாலானவற்றில் அந்நூலகம் முன்னரே நிறுவப்பட்டிருக்கும். அவ்வாறிருந்தும், அதனைப் பயன்படுத்தும் செய்நிரலைக் கட்டும்போது தலைப்புக் கோப்பு இல்லையென்னும் செய்தி வரக்கூடும். காரணம் யாதெனில், டெபியன், பெடோரா முதலிய லினக்ஸ் வழங்கல்கள் ஒரு நூலகத்தை இரண்டு பொதிகளாகப் பிரித்துத் தருகின்றன. ஒன்று, முடிந்த மென்பொருளை இயக்குவார்க்கு உரியது. மற்றையது, புதிதாக ஆக்குவார்க்கு உரியது. தலைப்புக் கோப்பு இரண்டாவது பொதியில் உள்ளது. அப்பொதியின் பெயர் டெபியனில் 'டெவ்' என்றும், பெடோராவில் 'டெவெல்' என்றும் முடியும். இதனை அறியாதார் இருக்கும் நூலகத்தையே அழித்து மீள நிறுவுவர். அதனாற் பயன் விளையாது.

தொகுப்பானின் செய்தி, கோப்பின் பெயர், வரியெண், வரியில் எத்தனையாம் இடம், வழுவின் வகை, விளக்கம் என்னும் ஒழுங்கில் அமையும். இங்கு நினைவிற் கொள்ளவேண்டியது முதல் வழுவே முதன்மையானது என்பதாம். அடைப்புக்குறி ஒன்று விடுபட்டால், அதன்பின் வருவன பலவும் தொகுப்பானுக்குப் பொருந்தாதனவாகவே தோன்றும். ஒரு குறை நூறு வழுக்களாகப் பெருகும். திரையின் அடியில் நிற்பதோ கடைசிச் செய்தி. பயில்வோர் கண்ணில் முதலிற் படுவதும் அதுவே. மேலே சென்று முதற்செய்தியைக் கண்டு, அதன் காரணத்தைத் திருத்தி, மீளக் கட்டுதலே முறை. எஞ்சியவற்றுட் பல தாமே மறையும். மேலும், சுட்டப்பட்ட வரி வழு உணரப்பட்ட இடமாகும். வழு நிகழ்ந்த இடமும் அதுவே என்பது நியதியன்று. ஆதலின், அதற்கு முந்திய வரிகளையும் நோக்குதல் வேண்டும்.

தொகுப்பான் ஏற்ற செய்நிரலை இணைப்பான் மறுப்பதும் உண்டு. வர்க்கமூலம் காணும் சார்பைப் பயன்படுத்தும் சிறு செய்நிரல் இதற்கு எளிய சான்று. கணிதத் தலைப்புக் கோப்பு முறைப்படி சேர்க்கப்பட்டிருப்பினும், லினக்ஸில் 'வரையறுக்கப்படாத சுட்டு' என்னும் செய்தி தோன்றக்கூடும். தலைப்புக் கோப்பு அச்சார்பின் பெயரையும், அது ஏற்பதும் தருவதுமாகிய தரவின் வகைகளையும் அறிவிக்கின்றதேயன்றி வேறன்று. சார்பின் உடல் கணித நூலகத்தில் இருக்கின்றது. ஒரு நூலின் பொருளடக்கத்தைக் கையில் வைத்திருத்தல் நூலை வைத்திருத்தல் ஆகாது. எனவே, அந்நூலகத்தை இணைப்பானுக்குப் பெயர் கூறிச் சுட்டுதல் வேண்டும். சுட்டும் இடமும் முக்கியமானது. நிலையாகப் பிணைக்கப்படும் நூலகங்களை இணைப்பான் இடமிருந்து வலமாக நோக்கி, அதுவரை தேவைப்பட்டவற்றை மாத்திரம் எடுத்துக்கொள்ளும். ஆதலின், நூலகத்தின் பெயர் அதனை வேண்டிநிற்கும் கோப்பின் பெயருக்குப் பின்னரே வருதல் வேண்டும். இவ்விடத்தில் தலைப்புக் கோப்பை எத்துணை முறை திருத்தினும் வழு நீங்காது.

இக்கருவிகளை மேற்பார்வை செய்வது மேக் எனப்படும். இதனை 1976 இற் பெல் ஆய்வுகூடத்து ஸ்டுவர்ட் பெல்ட்மன் ஆக்கினார். அவருடைய தோழராகிய ஸ்டீவ் ஜோன்சன், ஒரு நாட் காலைப்பொழுது முழுவதையும் பிழையில்லாத செய்நிரலிற் பிழை தேடிக் கழித்தார். பிழை முன்னரே திருத்தப்பட்டிருந்தது. திருத்திய கோப்பு மீளத் தொகுக்கப்படாமையே குறை. இத்தொல்லையை நீக்குதற்கெனப் பிறந்த மேக், மூலக்கோப்பும் அதனின்று உண்டான கோப்பும் இறுதியாக மாற்றப்பட்ட நேரங்களை ஒப்பிட்டு, பழையனவாகிவிட்டவற்றை மாத்திரம் மீள ஆக்குவிக்கின்றது. ஆகவே, கணினியின் மணிக்கூடு பிறழ்ந்தால் மேக்கின் தீர்மானமும் பிறழும். அதன் விதிக்கோப்பிற் கட்டளை வரிகள் தத்தல் விசையால் இடப்படும் வெளியோடு தொடங்கல் வேண்டும். சாதாரண இடைவெளிகளை இட்டால் கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. மேக் மாத்திரம் 'பிரிப்பான் இல்லை' எனக் கூறி நின்றுவிடும். இவ்விதியின் குறையைப் பெல்ட்மன் சில வாரங்களிலேயே உணர்ந்தார். ஆயின், அதற்குள் ஏறத்தாழப் பன்னிருவர் மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தமையால், அவர்களை இடர்ப்படுத்த விரும்பாது விதியை மாற்றாமல் விட்டார். அன்று பன்னிருவர் பொருட்டு விடப்பட்ட குறை இன்றும் நிலைத்துள்ளது.

மேக் இறுதியிற் கூறும் 'வழு 1' என்பதைக் காரணமாகக் கொள்ளுதல் கூடாது. யூனிக்ஸில் ஒவ்வொரு கருவியும் தன் தொழிலை முடிக்கும்போது ஓர் எண்ணைத் தெரிவிக்கும்; பூச்சியம் வெற்றியையும், பிறவெண் தோல்வியையும் குறிக்கும். ஏவிய கருவி தோற்றது என்பதையே மேக் அறிவிக்கின்றது. காரணம் அதற்கு மேலே அக்கருவியின் வாய்மொழியில் உள்ளது. பல வேலைகளை ஒருங்கே நடத்துமாறு மேக்கைப் பணித்திருந்தாற் செய்திகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அவற்றை ஒவ்வொன்றாக நடத்துமாறு மீளப் பணித்தால் முதல் வழு தெளிவாகும்.

வழுவை நீக்குதல் வேறு. செய்தியை அடக்குதல் வேறு. முன்னர் அறிவிக்கப்படாத சார்பைப் பயன்படுத்தினால், அது முழுவெண்ணைத் தரும் எனப் பழைய சீ மொழி கருதிக்கொண்டது. 1999 ஆம் ஆண்டு நியமம் இவ்வழக்கத்தை விலக்கிய பின்னரும், ஜீ.சீ.சீ. அதனை எச்சரிக்கையோடு நெடுங்காலம் அனுமதித்தது. 2024 இல் வெளிவந்த அதன் 14 ஆம் பதிப்பு அதனை வழுவாக்கியது. அதனால், பல்லாண்டுகளாகத் தடையின்றிக் கட்டப்பட்ட பழைய மென்பொருள்கள் சில கட்டப்படாமல் நின்றன. தொகுப்பானின் கடுமையைத் தளர்த்தும் குறிப்பொன்றைச் சேர்த்தால் அவை மீண்டும் கட்டப்படும். ஆயினும், 64 பிட் நினைவக முகவரியைத் தரும் சார்பை 32 பிட் முழுவெண்ணைத் தருவதாகக் கொண்டால், முகவரியிற் பாதி இழக்கப்பட்டு, மென்பொருள் இயக்கத்தின் நடுவே முறியக்கூடும். உரிய தலைப்புக் கோப்பை ஒரே வரியிற் சேர்த்தலே அதற்கு உண்மைப் பரிகாரமாகும்.

செய்தியை அடக்குவதால் விளையக்கூடிய தீங்குக்கு 2006 இல் டெபியனில் நிகழ்ந்தது சான்றாகும். அது கட்டுமான வழுவன்று. நினைவகத்தைச் சோதிக்கும் வால்கிரைண்ட் என்னும் கருவி தந்த எச்சரிக்கை. இரகசியத் திறவுகோல்களை ஆக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் நூலகத்தில், தொடக்கப் பெறுமானம் இடப்படாத நினைவகம் பயன்படுத்தப்படுகின்றது என அக்கருவி கூறிற்று. டெபியனில் அதனைப் பராமரித்தவர் நூலகத்தை ஆக்கியோரின் மடற்குழுவில் வினவிய பின்னர், அச்செய்திக்குக் காரணமான வரிகளை நீக்கினார். எச்சரிக்கை ஒழிந்தது. ஆயின், நீக்கப்பட்ட வரிகளுள் ஒன்றே எழுமாற்று எண்களுக்கு வேண்டிய மூலத்தைச் சேர்ப்பது. அது போனபின் செயன்முறை எண் ஒன்றே வேறுபாட்டுக்கு ஆதாரமாய் எஞ்சியது. அதனால், ஒரே வகைக் கணினியில் ஒரே வகையும் ஒரே அளவுமாக ஆக்கப்பட்ட திறவுகோல்கள் ஏறத்தாழ 32,768 என்னும் எல்லைக்குள் அடங்கின. அவையனைத்தையும் பகைவர் எளிதிற் கணித்துவிடலாம். 2008 மே 13 ஆம் திகதியே இக்குறை வெளியிடப்பட்டது. டெபியனிலும் அதனின்று பிறந்த உபுண்டு முதலியவற்றிலும் அக்காலத்தில் ஆக்கப்பட்ட திறவுகோல்களை எறிந்துவிட்டுப் புதியன ஆக்கவேண்டியதாயிற்று.

ஆதலின், வழு நாடப் புகுவார் கைக்கொள்ளவேண்டிய ஒழுங்கு பின்வருமாறு அமையும். முதற்செய்தியைத் தேடி முழுவதும் படித்தல். அதைக் கூறியது முன்செயலியா, தொகுப்பானா, இணைப்பானா, மேக்கா எனத் துணிதல். அக்கருவி எதனைத் தேடிக் காணாது நின்றது என ஆராய்தல். ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மாத்திரம் செய்து மீளக் கட்டுதல். ஒருங்கே பல மாற்றங்களைச் செய்தார்க்கு வழு நீங்கினும் அது எதனால் நீங்கிற்று என்பது விளங்காது. பின்னொருநாள் அதே வழு தோன்றின் மீண்டும் தொடக்கத்திலேயே நிற்பர். பிறர் உதவியை நாடுதலிற் குறையில்லை. அப்போதும், செய்தியைச் சுருக்கிக் கூறாது முதலிலிருந்து முழுமையாக எடுத்துக் காட்டல் வேண்டும்; உதவுவார்க்கும் சான்று அதுவேயாம்.