பெரட்டில் பெயர் கூப்பிடாத வயது

பிரிக்பீல்ட்ஸை அடுத்துள்ள பங்சார் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். இன்று அங்கே அடுக்குமாடிகளும் காப்பிக் கடைகளும்தான். ஆனால் கிள்ளான், பந்திங் பக்கத்துப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் தோட்டம் இன்னும் கண்முன் வந்து நிற்கும். விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்பு, பெயர் கூப்பிட்டதும் பால்வெட்டு. நட்ட ஆறேழு ஆண்டில் ரப்பர் மரம் பால் தரும். 25, 30 ஆண்டில் பால் குறைந்ததும் மரத்தைச் சாய்த்துக் கன்று நடுவார்கள். செம்பனையைச் சாய்ப்பதற்கும் ஏறக்குறைய அதே கணக்கு.

மனிதருக்கு ஏன் மூப்பு வருகிறது என்று கேட்டால் பலரும் இந்த மறுநடவைத்தான் பதிலாகச் சொல்வார்கள்: பழையது போனால்தானே புதியதுக்கு இடம்? 1881இல் ஜெர்மன் உயிரியலாளர் ஆகஸ்ட் வைஸ்மன் முன்வைத்த விளக்கமும் இதுதான்.

இதில் இரண்டு ஓட்டைகள். காட்டு விலங்குகளில் பெரும்பாலானவை கிழடு தட்டும்வரை உயிரோடு இருப்பதே இல்லை. பசியோ, நோயோ, பகையோ முந்திக்கொள்ளும். சாய்க்கக் கிழட்டு மரமே இல்லாத தோட்டத்தில் கோடரிக்கு என்ன வேலை? அடுத்தது, எல்லாரும் இளையவருக்கு வழிவிடும் கூட்டத்தில், விடாமல் இருந்து இன்னும் நாலு குட்டி போடும் ஒன்று பிறந்துவிட்டால் போதும். சில தலைமுறைகளில் அதன் வாரிசுகளே எங்கும் நிறைந்திருக்கும்.

குவளைக் கணக்கு

சரியான நூல்முனை 1941இல் பிரிட்டிஷ் மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் கையில் சிக்கியது. பின்னாளில் இந்தியாவில் குடியேறி, 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்தவர் அவர். ஹண்டிங்டன் நோய் மூளையைச் சிதைக்கும் கொடிய பரம்பரை நோய். இயற்கைத் தேர்வு அதை ஏன் துடைத்தெறியவில்லை என்று யோசித்தார் அவர். பெரும்பாலும் அது தலைகாட்டுவது முப்பது, நாற்பது வயதுக்கு மேல். அதற்குள் பிள்ளைகள் பிறந்து, மரபணு கைமாறியிருக்கும்.

1951இல் லண்டனில் பீட்டர் மெடாவர் இதை விரித்துரைத்தார். அவர் காட்டிய உவமை ஆய்வுக்கூடத்துச் சோதனைக் குழாய்கள். நாம் அதை ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் வைத்துப் பார்ப்போம். 100 கண்ணாடிக் குவளைகள். கை தவறி மாதம் பத்தில் ஒன்று உடைகிறது. குவளைக்கு மூப்பே கிடையாது. ஆனாலும் ஓராண்டில் மிஞ்சுவது சுமார் 28, ஈராண்டில் 8, மூன்றாண்டில் 2. மூன்றாம் ஆண்டில்தான் கீறல் விடும் ஒரு குறை அந்தக் குவளைகளில் இருந்தால் முதலாளி கவலைப்படுவாரா? இயற்கைத் தேர்வும் அப்படித்தான். பிந்தித் தெரியும் குறைகள் அதன் கண்ணில் படாமல் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துகொண்டே வந்தன. அந்தச் சுமைதான் மூப்பு என்றார் மெடாவர்.

1957இல் அமெரிக்கரான ஜார்ஜ் வில்லியம்ஸ் ஒரு படி மேலே போனார். இளமையில் நன்மையும் முதுமையில் தீமையும் செய்யும் மரபணு இருந்தால் இயற்கை அதை விரும்பியே வைத்துக்கொள்ளும். எலும்பில் சுண்ணாம்பைச் சேர்த்து வலுவூட்டும் ஒரு மரபணு, பிற்காலத்தில் அதே சுண்ணாம்பை இரத்தக் குழாயில் படியவைத்தால் எப்படி இருக்கும் என்று அவர் கற்பனை செய்து காட்டினார். 1977இல் டாம் கிர்க்வுட் வரவு செலவு பார்த்தார். உடலுக்குக் கிடைக்கும் சக்தி அளவானது. பழுது பார்ப்பதில் எல்லாவற்றையும் கொட்டினால் இனப்பெருக்கத்துக்கு மிஞ்சாது. ஆகவே உடல், பிள்ளை பெற்று வளர்க்கும் காலத்துக்குப் போதுமான அளவே தன்னைப் பழுது பார்த்துக்கொள்கிறது.

ஆக, இயற்கை கிழட்டு மரத்தை வெட்டுவதில்லை. உரம் போடுவதை நிறுத்திவிடுகிறது, அவ்வளவுதான்.

எலியும் வௌவாலும்

இதற்குச் சாட்சி உண்டா? பத்துமலைக் குகைகளில் தேன் குடிக்கும் வௌவால்கள் உண்டு. டுரியான் பூக்களில் மகரந்தம் சேர்ப்பவை அவை. பொதுவாகவே வௌவால் இனம் உடலளவுக்கு மீறி நெடுநாள் வாழும். சைபீரியாவில் ஏழு கிராம் எடையுள்ள வேறொரு வகை வௌவால் 41 ஆண்டு வாழ்ந்தது பதிவாகியிருக்கிறது. அதைவிட எடை கூடிய வீட்டுச் சுண்டெலியோ, பாலூட்டிச் சீராட்டினாலும் இரண்டு மூன்று ஆண்டுதான். பறக்கத் தெரிந்தது பகைக்குத் தப்பும். நாளை உயிரோடு இருப்போம் என்ற வாய்ப்பு கூடினால் உடலைப் பழுது பார்ப்பதும் லாபம். எலிக்கு எந்த நேரமும் பூனை.

பழ ஈக்களில் மூத்தவை இட்ட முட்டைகளை மட்டுமே வைத்துத் தலைமுறைகளை வளர்த்தார் உயிரியலாளர் மைக்கேல் ரோஸ். ஈக்களின் ஆயுள் கூடியது. அதாவது, மூப்பின் வேகம் கல்லில் எழுதியதல்ல.

ஆயாக் கொட்டகை

மனிதரிடம் இன்னொரு புதிர். பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகும் பல பத்தாண்டு ஆயுள் இருக்கிறது. இதற்கும் வில்லியம்ஸ் ஒரு விடையைத் தொட்டுக் காட்டினார்: மேலும் பெறுவதைவிடப் பெற்றதை வளர்த்து ஆளாக்குவதில் பலன் அதிகம். தான்சானியாவின் ஹட்ஸா மக்களிடையே ஆய்வு செய்த கிறிஸ்டன் ஹாக்ஸ், பாட்டிகள் தோண்டிவரும் கிழங்கு பேரப்பிள்ளைகளின் வயிற்றை நிரப்புவதைக் கண்டார். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதுச் செய்தியல்ல. தாய் பால்வெட்டப் போனபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது ஆயாக் கொட்டகை. இனி பால்வெட்ட முடியாத மூதாட்டிகளே பெரும்பாலும் அங்கே ஆயாக்கள்.

மலேசியாவில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அந்த வயதைக் கடந்தோர் 2030 வாக்கில் மக்கள்தொகையில் சுமார் 15 விழுக்காடு ஆகிவிடுவர் என்பது கணிப்பு. இயற்கையின் பெரட்டில் அவர்கள் பெயரை யாரும் கூப்பிடப்போவதில்லை. வீட்டில் இருக்கும் நாம்தான் கூப்பிட வேண்டும். 'வயசானா இப்படித்தான்' என்று முட்டிவலியையும் மங்கும் கண்ணையும் தள்ளிப்போடாதீர்கள். உடல் தானாகப் பழுது பார்ப்பதைக் குறைத்துக்கொண்ட வயது அது. பாட்டிக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்து மாதங்கள் ஆகிவிட்டதென்றால், இந்த வாரமே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.